முன்பாதி சொல்ல வந்தவர்

அக்டோபர் 2

செபமாலையின் ஐந்து பகுதிகளில் மூன்றாம் தேவ இரகசியம் போய்க்கொண்டிருந்தபோது என் மெஷின் செத்துப்போனது. பாதி வார்த்தை வந்தது, அதற்குப் பிறகு வெறும் காற்று. என் மனைவி செலஸ்டின் கட்டிலில் படுத்தபடி மாலையின் மணியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். "என்ன, தூங்கிட்டியளா?" என்றாள். நான் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

பேச வழி இல்லாத ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன். நான் சூசை கொரைரா, தூத்துக்குடி மீன் ஏலக்கூடத்தில் முப்பது வருடம் ஏலம் கூவினவன். மைக் எல்லாம் கிடையாது. நான் கூவினால் படகில் நிற்பவனுக்கும் விலை கேட்கும். பதினோரு வருடத்துக்கு முன்னால் தொண்டையில் கட்டி வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, மூச்சு அதன் வழியாகத்தான். டார்ச் லைட் மாதிரி ஒரு மெஷின் கொடுத்தார்கள். அதைத் தாடைக்குக் கீழே அழுத்திப் பொத்தானைப் பிடித்தால் ரீங்கரிக்கும். நான் வாயசைத்தால் ரீங்காரம் பேச்சாகிவிடும்.

செலஸ்டினுக்குச் சர்க்கரையால் கண் போய் நாலு வருடம். மற்றவர்களுக்கு நான் எழுதிக் காட்டலாம், கையைக் காலை ஆட்டலாம். அவளுக்கு அந்த மெஷின் சத்தம்தான் நான்.

மூன்று பேட்டரி மாற்றிப் பார்த்தேன். அசையவில்லை.

அக்டோபர் 3

ரேமண்ட் கடைக்கு எடுத்துப் போனேன். கோயில் திருவிழாவுக்கெல்லாம் மைக் செட் போடுகிறவன், என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். மெஷினைப் பிளந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான்.

"ரெகுலேட்டர் போச்சு வே."

மின்விசிறிக்கு இருப்பதுதானே ரெகுலேட்டர் என்று எழுதிக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டான். "இது வேற வே. பேட்டரி எறங்க எறங்க வோல்டேஜ் எறங்கும்லா? அத எறங்க விடாம ஒரே அளவா நிறுத்திக் குடுக்கிற சாமான் இது." துவரம்பருப்பு அளவில் கறுப்பாக ஒன்றைக் காட்டினான். மூன்று கால். "இத இப்ப எவனும் செய்யல. செஞ்ச கம்பெனியும் இல்ல. இதுக்குப் பதிலா இப்ப வர்றதுல ஒண்ணு தேடணும்."

வீட்டுக்கு வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தேன். செலஸ்டினே ஒரு வழி கண்டுபிடித்தாள். "கட்டில் சட்டத்துல தட்டுங்க. ஒரு தட்டுன்னா ஆமா. ரெண்டுன்னா இல்ல. சரியா?"

ஒரு தட்டு தட்டினேன்.

"ஊரக் கூட்டி ஏலம் விட்ட மனுசன், இப்ப மரங்கொத்தி ஆயாச்சு" என்று சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு மூச்சு வாங்குகிறது.

சாயந்திரம் எதிர்வீட்டுத் திரேசம்மா, என் இடத்தில் ஒவ்வொரு செபத்துக்கும் முன்பாதி சொல்ல வந்தாள். செலஸ்டின் வாயைத் திறக்கவில்லை. "எங்க வீட்டுல முன்பாதி அவியதான் சொல்லணும், பின்பாதி நான். கல்யாணம் ஆன நாளா அப்பிடித்தான். மெஷின் ரெடியாவட்டும், விட்டதையும் சேத்துச் சொல்லிக்கிடுவோம்" என்றுவிட்டாள். செபமாலை மாதத்தில் எங்கள் வீட்டில் செபமாலை இல்லை. இவள் பிடிவாதம் எனக்குப் புதிதா என்ன!

அக்டோபர் 5

கோயம்புத்தூரிலிருந்து மகள் ஜெசிந்தா வந்தாள். அம்மாவுக்குக் கால் வீங்கியிருப்பதால் டாக்டரிடம் போனோம். டயாலிசிஸ் வேண்டாம் என்று செலஸ்டின் இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டாள். டாக்டர் ஜெசிந்தாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டு ஏதோ பேசினார். அவள் முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். இனி ஆஸ்பத்திரியில் வைக்க வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்றாராம். நல்லதுதான். அந்த ஆஸ்பத்திரி காப்பியை மனுசன் குடிப்பானா?

வெளிநாட்டிலிருந்து புது மெஷின் வரச் சொல்லியிருக்கிறாள் ஜெசிந்தா. வர ஒரு மாதம் ஆகுமாம். அதுவரைக்கும் என்று போனில் ஒன்று ஏற்றிக் கொடுத்தாள். நான் எழுத்தை அமுக்கினால் அது வாய்விட்டு வாசிக்கும். பெண் குரல். அதில் அருள் நிறை மந்திரத்தின் முன்பாதியை அடித்து செலஸ்டின் காதுக்குப் பக்கத்தில் வைத்தேன். ரயில் வருகிற நேரம் சொல்கிற மாதிரி சொன்னது.

"யாரும்மா நீ?" என்று கேட்ட செலஸ்டின், கொஞ்ச நேரம் கழித்து, "இந்தப் பிள்ளைக்கிப் பக்தி காணாது" என்றாள்.

ஜெசிந்தா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அடுக்களைக்குள் போய் வெகுநேரம் வெங்காயம் நறுக்கினாள். அன்றைக்குச் சமையல் வெறும் ரசம்.

அக்டோபர் 8

ரேமண்ட் ஒரு சாமான் பிடித்துவிட்டான். எதையோ பிரித்ததில் கிடைத்ததாம். அதே கறுப்பு, அதே அளவு, அதே மூன்று கால். பழையது நின்ற மாதிரியே நிறுத்திப் பற்றவைத்தான். நான் தாடையில் வைத்துப் பொத்தானை அமுக்கினேன். சத்தம் வரவில்லை. சூடு வந்தது, அப்புறம் பிளாஸ்டிக் தீயும் வாடை.

"ஐயோ, உருவத்தப் பாத்து ஏமாந்துட்டேன் வே. கால் வரிச மாறி இருக்கு. பழசுல கரண்ட் ஏறுத கால் எதுவோ, இதுல அது எறங்குத கால்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒன்றுபோல இருக்கிறது என்று ஒரு மீனை இன்னொரு மீனாக ஏலம் போட்டால் கூடத்தில் என் முதுகுத்தோலை உரித்திருப்பார்கள் என்று கொட்டை எழுத்தில் எழுதிக் காட்டினேன்.

"எழுத்துலயும் கத்துறான் பாரு" என்றான். ஆனால் அவன் முகம் சுருங்கிப்போனது. மற்ற சாமான் எதுவும் போகவில்லை என்று நாலு தடவை சோதித்துப் பார்த்துச் சொன்னான்.

பிள்ளைகளுக்குப் பரீட்சை, போய்விட்டு வருகிறேன் என்று ஜெசிந்தா கிளம்பினாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து அம்மாவுக்கு இன்னொரு முத்தம் கொடுத்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான்தான் விரட்டினேன்.

அக்டோபர் 10

மதுரைக்குப் போய்வந்தேன். ரேமண்ட் மூன்று நம்பர் எழுதிக் கொடுத்திருந்தான். பழையதற்குப் பதிலாக எது கிடைத்தாலும் போதும் என்றான். எலக்ட்ரானிக்ஸ் கடைத் தெருவில் கடை கடையாக ஏறினேன். நான் சீட்டை நீட்டியதும் எல்லோரும் உரக்கப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். பேச்சு வராதவனுக்குக் காதும் கேட்காது என்று இந்த உலகத்தில் எவன் சொல்லிவைத்தானோ. கடைசியில் ஒரு பையன் அலமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தான். ஐந்து வாங்கினேன். ஒன்று தீய்ந்தால் இன்னொன்று இருக்கட்டும்.

எட்டயபுரம் தாண்டியதும் நல்ல மழை. வீட்டுக்கு வர இருட்டிவிட்டது. காலையிலிருந்து என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள் என்று திரேசம்மா சொன்னாள். பாதர் வந்து, ரொம்ப முடியாதவர்களுக்குப் பூசுகிற எண்ணெயைப் பூசிவிட்டுப் போனாராம். செபமாலை மாதத்தில் நோயாளி வீடுகளுக்கெல்லாம் வருவார்கள் போலிருக்கிறது.

"நீங்க இல்லாத நேரம் பூசிட்டாவ" என்றாள் செலஸ்டின். என் கையைத் தேடிப் பிடித்தாள். அவள் விரல்களுக்கு இப்போது அவ்வளவாக உணர்ச்சி இல்லை, எதைப் பிடித்திருக்கிறோம் என்று அவளுக்கே தெரிவதில்லை. "இனிமே எங்கயும் போவாதிய, என்ன?"

ஒரு தட்டு தட்டினேன்.

அக்டோபர் 11

ரேமண்ட் கடையில் பகல் முழுவதும். இந்தத் தடவை கால் வரிசையைச் சரிபார்த்துத்தான் வைத்தான். சத்தம் வந்தது, ஆனால் நடுங்கியது. குளிரில் நனைந்தவன் பேசுவது மாதிரி. இந்தக் காலத்துச் சாமானுக்குப் பக்கத்திலேயே இன்னொரு குட்டிச் சாமான் வேண்டும், அது இல்லாமல் நிலைக்காது என்றான். நாளைக்கு வா என்றான்.

அக்டோபர் 12

மெஷின் பேசிவிட்டது.

பொத்தானை அமுக்கி "செலஸ்டின்" என்றேன். ரேமண்ட் கடை முழுக்கக் கேட்டது. கரகரப்பு இல்லை, இழுவை இல்லை. முன்னைவிட ஒரு கட்டை மேலே. "பத்து வயசு கொறஞ்சுட்டு வே உமக்கு" என்றான் ரேமண்ட். அவனைக் கட்டிப்பிடித்தேன். பஜார் வழியாக நடக்கும்போது தெரிந்தவன் தெரியாதவன் எல்லோரிடமும் சௌக்கியமா என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் போய், "செலஸ்டின், நான்தான்" என்றேன்.

அவள் முகத்தைத் திருப்பினாள். சேலையைச் சரிசெய்தாள். "யாரு? திரேசம்மா, யாரோ வந்திருக்காவ பாரு. நாக்காலி எடுத்துப் போடு."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். "நான்தான், சூசை."

"அவிய வெளிய போயிருக்காவ தம்பி. மெஷின் ரிப்பேருக்கு. இப்ப வந்துருவாவ, இருங்க."

"எக்கா, அண்ணன்தான் பேசுதாவ" என்றாள் திரேசம்மா.

"சும்மா கெட. அவிய சத்தம் எனக்குத் தெரியாதா?"

மெஷினைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் சட்டத்தில் தட்டினேன். உடனே அவள் முகம் மலர்ந்தது. "வந்துட்டியளா! யாரோ ஒரு தம்பி வந்து காத்திருக்காவ, என்னன்னு கேளுங்க."

ஊசி போட வந்த நர்ஸம்மாவிடம் சொன்னேன். சிறுநீரகம் வேலை செய்யாவிட்டால் கழிவு இரத்தத்திலேயே தங்கும், புத்தி கொஞ்சம் தடுமாறும், எடுத்துச் சொல்லிப் புரியவைக்க முடியாது என்றார்.

நேராக ரேமண்டிடம் ஓடினேன். பழைய மாதிரி கெடுத்துத் தர முடியுமா என்று எழுதிக் கொடுத்தேன். மெஷின் கையில் இருக்கும்போது எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை.

அவன் சீட்டை மடித்து என் கையிலேயே திருப்பி வைத்தான். "அந்தப் பழசு ஒரே நாள்ல போவல வே. வருசக்கணக்காச் செத்துக்கிட்டே இருந்துருக்கு. கொஞ்சங் கொஞ்சமா அமுங்கி அமுங்கித்தான் அந்தக் கரகரப்பு. நாம எல்லாரும் அதுதான் உம்ம சத்தம்னு பழகிட்டோம். மெஷின் எப்படிப் பேசணுமோ அப்படி இப்பதான் பேசுது." கடை அடைக்கும் வரை திருகாணியைத் திருகித் திருகிப் பார்த்தான். குரல் தாழ்ந்தது. வேறொரு அந்நியனின் குரலாகத்தான் தாழ்ந்தது. "ரிப்பேர் பண்ணச் சொன்னா பண்ணிருவேன். அதே மாதிரி கெடுக்க எனக்கு வழி தெரியல வே" என்றவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அக்டோபர் 13

காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை மெஷினில் பேசிப் பார்த்தேன். "வாங்க தம்பி" என்கிறாள். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

அக்டோபர் 14

கஞ்சி இரண்டு கரண்டி. பிறகு அதுவும் வேண்டாம் என்றுவிட்டாள். ஜெசிந்தாவை வரச் சொல்லிவிட்டேன். பரீட்சை எங்கே ஓடிவிடப்போகிறது.

பேசினால் நான் வேற்றாள். பேசாமல் இருந்தால்தான் அவள் புருஷன். எனக்கு மெஷினைத் தூக்கிக் கடலில் எறிய வேண்டும் போல இருக்கிறது.

அக்டோபர் 15

இன்று நடந்ததை விடாமல் எழுதிவிட வேண்டும்.

சாயந்திரம் கோயில் மணி அடித்ததும் செலஸ்டின் கண்ணைத் திறந்தாள். "ஏங்க, இருக்கியளா?" தட்டினேன்.

"ஒங்க மெஷின் ரெடியாவ நாளாவும் போல. எனக்கு நாள் இல்லங்க." சாதாரணமாகத்தான் சொன்னாள். "அந்தத் தம்பி வந்தா முன்பாதி சொல்லச் சொல்லட்டுமா? ஒங்களுக்கு அதுல வருத்தம் உண்டுமா?"

ஒரு தட்டு தட்டினால் ஆமாம், வருத்தம் உண்டு. இரண்டு தட்டினால் இல்லை. இரண்டு தட்டினேன்.

பிறகு எழுந்து போய் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். செருப்பைச் சத்தமாகத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்து மெஷினைத் தாடையில் வைத்தேன். "சுகமா இருக்கியளாம்மா?"

"வாங்க தம்பி. ஒங்களத்தான் நெனச்சோம்."

முன்பாதி சொன்னேன். அவள் பின்பாதி சொன்னாள். நூல் மாதிரி மெலிந்த குரல், ஆனால் ஒரு வார்த்தை பிசகவில்லை. இடையில் தூங்கிப்போனால் காத்திருந்தேன், விழித்ததும் விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். ஐந்து தேவ இரகசியமும் முடிந்தது. எனக்கு அழுகை வந்தது. குரல்வளை இல்லாதவன் அழுதால் சத்தம் வராது. அவளுக்குத் தெரிந்திருக்காது.

"ஏங்க" என்று கூப்பிட்டாள். மெஷினை மடியில் வைத்துவிட்டுத் தட்டினேன். "அவியளுக்கு ஒரு டீ போட்டுக் குடுங்க. வீட்டுக்கு வந்தவுகள வெறும் வாயோட அனுப்பாதிய."

அடுக்களைக்குப் போய் டீ போட்டேன். கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தபோது அவள் மெதுவாக, "தம்பி, அவிய அடுக்களைலதான இருக்காவ?" என்று கேட்டாள்.

மெஷினை எடுத்தேன். "ஆமாம்மா."

"ஒண்ணு கேக்கணும் ஒங்கள்ட்ட. நான் போன பெறவு அவியளுக்குப் பேச்சுத் தொணைக்கு ஆளில்ல. மக தூரத்துல இருக்கா. ஊரே கேக்க ஏலம் விட்ட மனுசன், ஒரு நேரம் வாய் சும்மா இருக்காது. இப்ப கட்டில தட்டிக்கிட்டு உக்காந்திருக்காவ. பாக்கப் பொறுக்கல." பார்க்க என்றுதான் சொன்னாள். "நீங்க அப்பப்ப வந்துட்டுப் போவணும்."

"வாரேம்மா."

"சொல்லிட்டு வராம இருக்கப்படாது."

"கட்டாயம் வருவேம்மா."

அதற்கு மேல் நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். "அவர் மேல ஒங்களுக்கு ஏதும் வருத்தம் உண்டாம்மா?"

"வருத்தம் என்ன வருத்தம். மெஷின் மெஷின்னு அலஞ்சுட்டாவ. அது கெட்டா கெட்டுட்டுப் போவுது, பக்கத்துல உக்காருங்க, அது போதும்னு சொல்ல நெனச்சேன். சொன்னா மனசு ஒடிஞ்சு போவாவ. அதான் வாய மூடிக்கிட்டேன். நீங்களும் சொல்லிறாதிய."

சொல்ல மாட்டேன் என்றேன்.

டீ ஆறிப்போயிருந்தது. அவளுக்குக் கேட்கும்படி உறிஞ்சிக் குடித்தேன்.

அக்டோபர் 17

செலஸ்டின் விடியற்காலையில் போய்விட்டாள். ஜெசிந்தா காலடியில் இருந்தாள், நான் தலைமாட்டில் இருந்தேன். மெஷினை நான் எடுக்கவில்லை. "இருக்கியளா?" என்று இரண்டு தடவை கேட்டாள். தட்டினேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. நான் தட்டிக்கொண்டே இருந்தேன். ஜெசிந்தாதான் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அக்டோபர் 18

அடக்கம். நல்ல கூட்டம். மழை இல்லை.

அக்டோபர் 25

ஜெசிந்தா ஊருக்குக் கிளம்பினாள். தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். பிறகு பார்க்கலாம் என்றேன். "அம்மா கடைசில ஒங்ககிட்ட என்ன பேசினாப்பா?" என்று கேட்டாள். என்னிடம் ஒன்றும் பேசவில்லை என்றேன். அது உண்மைதான்.

வெளிநாட்டு மெஷின் சொன்ன நாளுக்கு முன்பே பார்சலில் வந்தது. பிரிக்கவில்லை. ரேமண்ட் வந்து, அதைப் பிரித்துப் பார்த்துப் பழைய குரல் வருகிற மாதிரி ஏதாவது செய்யலாமா என்று கேட்டான். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவன் என்னோடு இரவு வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான்.

அவள் போனதிலிருந்து நான் மெஷினில் பேசவில்லை. ஜெசிந்தாவுக்குக்கூட எழுதித்தான் காட்டினேன்.

அக்டோபர் 31

செபமாலை மாதம் இன்றோடு முடிகிறது.

சாயந்திரம் கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டேன். மெஷினைத் துடைத்து, புதுப் பேட்டரி போட்டுத் தாடையில் வைத்தேன். அவள் கேட்டுக்கொண்டபடி அந்த மனிதர் வந்திருந்தார். நல்ல தெளிவான குரல். முன்பாதி சொன்னார். பின்பாதி சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அடுத்ததன் முன்பாதியைச் சொன்னார்.